மூன்று ஒலிம்பஸ், ஒரு பணப்பை: எந்த வொண்டர் வுமனை முதலில் வாங்குவது?

அக்கா மகள் ஓவியக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கிரேக்கப் பெண்தெய்வம் ஒருத்தியை இன்றைய பாணியில் வரைந்து வரச் சொல்லி வகுப்பில் பணித்திருக்கிறார்கள். பிறந்தநாள் பணம் கையில் இருக்கிறது. “சித்தி, சூப்பர் ஹீரோ காமிக்ஸில் இந்தத் தேவியரை நன்றாக வரைந்த புத்தகம் ஒன்று வாங்க வேண்டும். ஒன்றுதான் வாங்க முடியும். எது?” என்று கேட்டாள். என் அலமாரியில் மூன்று இருக்கின்றன. இரவல் கேட்பதற்கு முன்பே மறுத்துவிட்டேன். போன முறை இரவல் போன புத்தகம் அட்டையில் டீ வட்டத்தோடு திரும்பி வந்தது.

ஒரு மாலை முழுவதும் மூன்றையும் மேசையில் விரித்துவைத்துப் பேசினோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூன்றுமே வொண்டர் வுமன் கதைகள். கிரேக்கப் புராணம் சொல்லும் அமேசான்கள் என்ற போர்ப்பெண்களிடையே பிறந்த சூப்பர் ஹீரோ அவள். வேறு எங்கேயும் கிரேக்கத் தேவியர் வரவில்லையா என்றால், வந்திருக்கிறார்கள். பிற்பாடு மார்வெல் ஆன நிறுவனம் 1948இலேயே வீனஸ் பெயரில் ஓர் இதழ் தொடங்கியது. காதல் கதையாக ஆரம்பித்து, விற்பனைக் காற்று திசை மாறியதும் பேய்க் கதையாகி, 19 இதழ்களோடு நின்றுபோனது. அங்கே தேவி ஒரு வேடம் மட்டும்தான். தேவியர் இல்லாவிட்டால் கதையே இல்லை என்ற நிலை வொண்டர் வுமனுக்குத்தான் உண்டு. 1941இல் வில்லியம் மார்ஸ்டன் என்ற உளவியலாளரும் எச். ஜி. பீட்டர் என்ற ஓவியரும் அவளைப் படைத்தார்கள். அமேசான் அரசி ஹிப்போலிட்டா செய்த களிமண் பொம்மைக்கு அஃப்ரோடைட்டி உயிர் கொடுக்க அவள் பிறந்தாள் என்று அடுத்த ஆண்டே கதை வந்துவிட்டது. அன்பின் தேவி ஒரு பக்கம், போர்க்கடவுள் மார்ஸ் மறுபக்கம். அஃப்ரோடைட்டியின் அழகு, அதீனாவின் அறிவு, ஹெர்குலிஸின் வலிமை, மெர்குரியின் வேகம் என்று கிரேக்கப் பெயரையும் ரோமானியப் பெயரையும் ஒரே பானையில் போட்டுக் கிளறியிருப்பார் மார்ஸ்டன். பள்ளிக்கூட வாத்தியார் பார்த்தால் சிவப்பு மையால் வட்டம் போடுவார். அதைத் திருத்தியும் திருகியும் தலைகீழாக்கியும் எழுதியவர்கள் பின்னால் வந்தார்கள். அவர்களில் மூவரிடையேதான் இப்போது போட்டி.

முதலாவது, 1987இல் ஜார்ஜ் பெரெஸ் தொடங்கிய தொடர். இரண்டாவது, 2011 முதல் 2014 வரை பிரையன் அஸரெல்லோ எழுதி கிளிஃப் சியாங் வரைந்தது. மூன்றாவது, கெல்லி சூ டிகானிக் எழுதி 2021, 2022இல் மூன்று பாகங்களாக வந்த ‘ஹிஸ்டோரியா’.

படம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் மூன்றுக்கும் ஆம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். எனவே வேறொரு அளவுகோலை எடுத்துக்கொண்டேன். தேவர்களின் அரசன் ஜீயஸின் மனைவி ஹீரா எங்கே நிற்கிறாள்?

காரணம் இருக்கிறது. அமேசான்களின் பழைய கதையில் விஷம் கலந்தவள் ஹீராதான். ஹெர்குலிஸ் என்று ரோமானியர் சொன்ன ஹெராக்ளிஸின் ஒன்பதாவது பணி, அமேசான் அரசி ஹிப்போலிட்டாவின் இடுப்புப் பட்டையைக் கொண்டுவருவது. அப்போலோடோரஸ் பெயரில் வழங்கும் தொகை நூலில் ஹிப்போலிட்டா தானாகவே கப்பலுக்கு வந்து, என்ன வேண்டும் என்று விசாரித்து, பட்டையைத் தருவதாக ஒப்புக்கொள்கிறாள். காரியம் சுமுகமாக முடிந்திருக்க வேண்டியது. ஹீரா ஓர் அமேசான் உருவெடுத்துக் கூட்டத்துக்குள் புகுந்து, ‘வந்தவர்கள் நம் அரசியைக் கடத்துகிறார்கள்’ என்று கிளப்பிவிடுகிறாள். பெண்கள் ஆயுதத்தோடு குதிரை ஏறுகிறார்கள். வஞ்சகம் என்று நினைத்த ஹெராக்ளிஸ் ஹிப்போலிட்டாவைக் கொன்று பட்டையை அவிழ்த்துக்கொண்டு போகிறான். கணவனுக்கு இன்னொருத்தியிடம் பிறந்தவன் மேல் உள்ள கோபத்தில், தனக்கு ஒரு தீங்கும் செய்யாத பெண்களைப் பலி கொடுக்கிறாள் தேவர்களின் அரசி. இந்தக் கதையை மறுபடி சொல்ல வரும் எவரும் ஹீராவை என்ன செய்வது என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். அந்த முடிவில் அவர்களுடைய ஒலிம்பஸ் என்ற தேவலோகம் எத்தகையது என்பது தெரிந்துவிடும்.

பெரெஸிலிருந்து தொடங்கலாம்.

ரோமானியக் கலப்பைக் கழுவிவிட்டவர் இவர். மார்ஸ் ஏரிஸ் ஆனான், ஹெர்குலிஸ் ஹெராக்ளிஸ் ஆனான். ‘சொர்க்கத் தீவு’ என்ற பழைய பெயர் போய், கருங்கடல் கரையில் அமேசான்களின் ஊர் என்று கிரேக்கர்கள் சொன்ன தெமிஸ்கிரா வந்தது. கதாநாயகிக்கு மட்டும் டயானா என்ற ரோமானியப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் ஆர்ட்டெமிஸுக்கு ரோமானியர் சொன்ன பெயர். இவருடைய கதையிலோ ஆர்ட்டெமிஸே ஒரு பாத்திரம். பெயரை மாற்ற முடியாது என்பதால், முன்னொரு காலத்தில் தீவில் வந்து விழுந்து அமேசான்களுக்காக உயிர் விட்ட டயானா ட்ரெவர் என்ற விமானி ஒருத்தியை உண்டாக்கி, அவள் நினைவாக வைத்த பெயர் என்று ஆக்கிவிட்டார். இதைப் படித்தபோது நான் சத்தமாகச் சிரித்தேன். நல்ல தச்சன் மரத்தின் முடிச்சையே அலங்காரமாக்கிவிடுவதைப் போன்ற வேலை.

கதை கற்காலத்தில் தொடங்குகிறது. ஓர் ஆண் தன் கர்ப்பிணித் துணையை அடித்துக் கொல்கிறான். ஆண்களின் கொடுமையால் இறந்த இப்படிப்பட்ட பெண்களின் உயிர்களை யுகயுகமாகப் பூமித்தாய் கேயாவின் கருவறை காத்துவருகிறது. ஆர்ட்டெமிஸ், அதீனா, டெமீட்டர், ஹெஸ்டியா, அஃப்ரோடைட்டி என்ற ஐந்து தேவியர் அவ்வுயிர்களுக்கு மறுபடி உடல் கொடுக்கிறார்கள். அவர்களே அமேசான்கள். முதல் பக்கத்தில் இறந்த அந்தப் பெண் ஹிப்போலிட்டாவாகிறாள். அவள் வயிற்றில் இருந்த குழந்தையின் உயிர் மட்டும் எஞ்சி நிற்கிறது. பல நூற்றாண்டுக்குப் பின் களிமண் குழந்தைக்குள் அது புகும்போது டயானா பிறக்கிறாள். மார்ஸ்டனின் பொம்மைக்கதைக்கு இப்படியொரு வேர் பிடித்துக் கொடுத்தவர் பெரெஸ். டெமீட்டரிடமிருந்து நிலத்தின் வலிமை, ஆர்ட்டெமிஸிடமிருந்து வேட்டைக்கண், ஹெஸ்டியாவிடமிருந்து நெருப்போடு உறவு என்று ஆளுக்கொரு சீர் செய்கிறார்கள். தூதுக் கடவுள் ஹெர்மிஸும் வந்து வேகத்தையும் பறக்கும் ஆற்றலையும் தருகிறான். சீமந்தத்துக்குத் தட்டோடு வந்த சொந்தக்காரர்களைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

இதில் ஹெஸ்டியாவைத் தனியாகக் கவனிக்கச் சொன்னேன். கிரேக்கப் புராணத்தில் அவளுக்குக் கதை என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அடுப்பின் தேவி, சண்டை போடாதவள், காதலில் விழாதவள். கதை சொல்பவர்கள் அவளை எப்போதும் விட்டுவிடுவார்கள். பெரெஸ் அவளைப் படைப்பவர்களின் வரிசையில் நிற்கவைத்தார்.

அவருடைய ஒலிம்பஸ் இன்னொரு பாடம். டச்சு ஓவியர் எஷரின் பாணியில் மாடிப்படிகள் மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஓடுகின்றன. ஒருவருக்குத் தரையாக இருப்பது இன்னொருவருக்குச் சுவர். தேவர்கள் மடிப்பு மடிப்பான பழைய கிரேக்க ஆடையில்தான் இருக்கிறார்கள். விசித்திரம் முழுவதையும் கட்டிடத்தில் வைத்துவிட்டார். ஏரிஸுக்கு மட்டும் விதிவிலக்கு. கருநீலக் கவசம், கொம்பு வைத்த தலைக்கவசம், அதன் இருட்டுக்குள் இரண்டு கண்கள் மட்டும்.

சரி, ஹீரா? ஐவரில் அவள் இல்லை. ஜீயஸ் டயானாவின் மேல் ஆசைப்பட்டு, அவள் மறுத்ததால் வரும் கதை ஒன்று இதில் உண்டு. அங்கேகூட அவள் ஓரத்தில்தான் நிற்கிறாள். பெண்களுக்குப் புதுவாழ்வு கொடுக்கும் கதையில் பழைய குற்றவாளியைப் பெரெஸ் விசாரிக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. சுற்றிக்கொண்டு போய்விட்டார். ஹெராக்ளிஸை மட்டும் அவர் விட்டுவிடவில்லை. அமேசான்களை அடிமைப்படுத்தியதற்காகக் கல்லாகி, அவர்களுடைய தீவையே தோளில் சுமந்து நிற்கும்படி வைத்திருக்கிறார். தண்டனையை இவ்வளவு அழகாகப் படமாக்கிய பக்கம் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

குறை என்றால், எழுத்து நெருக்கம். எண்பதுகளின் வழக்கப்படி படத்தில் தெரிவதையே கட்டத்துக்குள் இன்னொரு முறை எழுதிச் சொல்வார்கள். வண்ணமும் அந்தக் கால மலிவுத்தாள் அச்சுக்காகப் போட்டது. அக்கா மகள் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, “நிறையப் பேசுகிறார்கள்” என்றாள். மறுக்க முடியவில்லை.

அடுத்து அஸரெல்லோ, சியாங். இந்தப் புத்தகத்தை எடுத்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

முதல் இதழில், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு பண்ணை. இரவு. மயிற்பீலி மேலங்கி போர்த்திய உருவம் ஒன்று குதிரை லாயத்துக்குள் நுழைகிறது. கையில் அரிவாள். குதிரைகளின் தலை விழுகிறது. வெட்டுண்ட கழுத்திலிருந்து மனித உடல் புடைத்துக்கொண்டு வெளிவருகிறது, கைகள், மார்பு, தலை. செண்டார் என்ற குதிரைமனிதன் பிறக்கும் விதம் இதுதான் என்கிறார்கள். இந்தப் பிரசவம் எந்தப் பழைய நூலிலும் இல்லை. இருந்தாலும் பழைய நூல் எதிலோ விட்டுப்போன பக்கம் போல் நம்பவைக்கிறது. மயில் என்றதும் நம் கண் முருகனைத் தேடும். கிரேக்கத்தில் மயில் ஹீராவின் பறவை. கொலையுண்ட காவலன் ஆர்கஸின் நூறு கண்களையும் அதன் தோகையில் பதித்தவள் அவள். முகத்தைக் காட்டாமல், பெயரைச் சொல்லாமல், தோகையை மட்டும் காட்டி ஆள் யார் என்று சியாங் சொல்லிவிடுகிறார்.

இந்தத் தொடரின் ஓவியம் முழுவதும் இந்த வழியில்தான் ஓடுகிறது. சியாங்கின் கோடு குறைவு, கறுப்பு அதிகம். ஒவ்வொரு கடவுளையும் ஒரே எண்ணத்தில் பிடிக்கிறார். பாதாளக் கடவுள் ஹேடிஸ் ஒரு சின்னப் பையன், தலையில் மெழுகுவத்திகள் எரிந்து உருகி முகத்தை மூடியிருக்கின்றன. கடல் கடவுள் போஸைடன் லண்டனின் தேம்ஸ் ஆற்றிலிருந்து எழும்பும் பிரம்மாண்டமான கடல்பிராணி. ஹெர்மிஸுக்குச் செருப்பில் இறக்கை இல்லை, காலே பறவைக்கால். ஏரிஸ் முழங்கால் வரை ரத்தத்தில் ஊறிய, களைத்துப்போன தாடிக்காரக் கிழவன். அப்போலோவைச் சிங்கப்பூரில் வானளாவிய கட்டிடம் ஒன்றின் உச்சியில் அறிமுகப்படுத்துகிறார்கள். குறி சொல்ல அவன் பயன்படுத்திய மூன்று பெண்களும் எரிந்து கரியாகிறார்கள்.

அஃப்ரோடைட்டியின் முகத்தைச் சியாங் கடைசிவரை காட்டவே இல்லை. கட்டத்தின் விளிம்பு கழுத்தோடு வெட்டிவிடும், இல்லையென்றால் வேறு எதுவோ மறைக்கும். நம் புலவர்கள் பாதாதிகேசம் பாடுவார்கள், பாதத்தில் தொடங்கிக் கூந்தல்வரை. சியாங் கூந்தலுக்கு முன்பே பேனாவை மூடிவிடுகிறார். உலகிலேயே அழகானவளை எந்த ஓவியன் வரைந்தாலும் ‘இவ்வளவுதானா’ என்று ஒருவராவது சொல்வார். வரையாமல் விட்டால் யார் சொல்ல முடியும்? வகுப்புப் பணிக்கு இந்த ஒரு தந்திரமே போதும் என்று அவளிடம் சொன்னேன்.

ஹீராவைப் பொறுத்தவரை மூன்றில் முதலிடம் இதற்கே. அரிவாளோடு வந்தவள் முதல் பாதியில் பழைய புராணத்தின் அதே பொறாமைக்காரி. ஹிப்போலிட்டாவைக் கல்லாக்குகிறாள், அமேசான்களைப் பாம்புகளாக்குகிறாள். பிறகு அப்போலோ அரியணை ஏறி அவளுடைய அமரத்துவத்தைப் பறித்துவிடுகிறான். தேவர்களின் அரசி லண்டன் வீடு ஒன்றில், ஜீயஸின் குழந்தையைச் சுமக்கிறாள் என்று தான் கொல்லத் துரத்திய அதே கர்ப்பிணிப் பெண் சோலாவோடு ஒரே கூரையின் கீழ் வாழ வேண்டிவருகிறது. சோபாவில் சாய்ந்துகொண்டு குறை சொல்லும் ஹீரா, நாம் எல்லோரும் ஒரு கல்யாண வீட்டிலாவது பார்த்திருக்கிற பெரியம்மா. திமிர் அப்படியே இருக்க, அதற்குள்ளிருந்து மெல்ல மெல்ல ஒரு மனுஷி எட்டிப்பார்க்கிறாள். இந்த மாற்றத்தை அஸரெல்லோ அவசரப்படாமல் பல இதழ்களுக்கு நீட்டியிருக்கிறார்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு சொல்கிறேன், இந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. டயானாவைக் களிமண்ணிலிருந்து எடுத்து ஜீயஸின் மகளாக்கிவிட்டார்கள். களிமண் கதை பொய், ஜீயஸுக்கும் ஹிப்போலிட்டாவுக்கும் பிறந்ததை மறைக்கச் சொன்னது என்று மூன்றாவது இதழில் உடைக்கிறார்கள். அப்பன் இல்லாமல், பெண்தெய்வங்களின் கொடையால் பிறந்த ஒரே பெண்ணுக்கும் ஓர் அப்பனைக் கண்டுபிடித்துக் கொடுத்தாயிற்று. அதோடு விடவில்லை. அமேசான்கள் கப்பல்காரர்களோடு கூடி, அவர்களைக் கொன்றுவிட்டு, பிறக்கும் ஆண் குழந்தைகளை ஆயுதங்களுக்கு மாற்றாகக் கொல்லர் கடவுள் ஹெஃபெஸ்டஸிடம் கொடுத்துவிடுவதாகவும் ஒரு இதழ் வருகிறது. மார்ஸ்டனும் பெரெஸும் கட்டிய வீட்டின் அஸ்திவாரத்தைத் தோண்டும் வேலை. தேவர் குடும்பச் சண்டை நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பெண்கள் கட்டிய ஒரு ஊரை விலையாகக் கொடுத்தார்கள் என்பதுதான் என் வாதம். அக்கா மகளுக்கு இந்த வாதம் பெரிதாகப் படவில்லை. அவளுக்குப் பத்தொன்பது வயது. மெழுகுவத்திப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘ஹிஸ்டோரியா’வுக்கு வருகிறேன். என் ஓட்டு இதற்குத்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

டயானா இதில் கதாநாயகி இல்லை. அவள் பிறப்பதற்கு முந்தைய கதை. ஹீரா, ஹெஸ்டியா, டெமீட்டர், ஹெகட்டி, ஆர்ட்டெமிஸ், அஃப்ரோடைட்டி, அதீனா என்று ஏழு தேவியர் ஜீயஸின் அவைக்கு வருகிறார்கள். பூமியில் ஆண்கள் பெண்களுக்குச் செய்வதற்கெல்லாம் நியாயம் கேட்கிறார்கள். ஆண் தெய்வங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெளியே வந்ததும் ஆறு பேர் ரகசியமாகச் சேர்ந்து, தத்தம் சாயலில் முப்பது அமேசான்களைப் படைக்கிறார்கள். ஏழாமவள், ஹீரா, சேரவில்லை.

அவையில் முன்னால் நின்று கேட்டவள் அவள். காரியம் என்று வந்தபோது விலகியவளும் அவள். அரசியாக இருப்பவளுக்கு இழக்க நிறைய இருக்கிறது. அப்போலோடோரஸில் அவள் பொறாமைக்காரி, பெரெஸில் ஓரத்து ஆள், அஸரெல்லோவில் தண்டனை பெற்றுத் திருந்துபவள். இங்கே முதன்முறையாக அவளுடைய நிலைமை எனக்குப் புரிந்தது. அதிகாரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற, கோபம் உள்ள ஒருத்தி என்ன செய்வாள் என்பது புரிந்தது. டிகானிக் அவளை வில்லியாக்கவும் இல்லை, தியாகியாக்கவும் இல்லை.

மனித உலகப் பக்கம் இன்னும் கனமானது. ஹிப்போலிட்டா இங்கே மருத்துவச்சியின் வேலை பார்க்கும் சாதாரணப் பெண். புதிதாய்ப் பிறந்த பெண் குழந்தையை வெளியே விட்டுவிட்டு வரும்படி ஏவுகிறார்கள். விட்டுவிட்டு வருகிறாள். பிறகு மனம் பொறுக்காமல் திரும்பி ஓடுகிறாள். வேண்டாத சிசுவை வெளியில் இட்டுவிடுவது பழங்கிரேக்கத்தில் உண்மையிலேயே இருந்த வழக்கம். தொட்டில் குழந்தைத் திட்டம் எதற்காக வந்தது என்று தெரிந்த ஊரில் உட்கார்ந்து இந்தப் பக்கங்களைப் படிக்கும்போது, கிரேக்கம் அவ்வளவு தூரத்தில் இல்லை.

ஓவியம் மூன்று கைகளில். முதல் பாகம் ஃபில் ஹிமெனெஸ். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வொண்டர் வுமன் தொடரைத் தானே எழுதி வரைந்தவர், பெரெஸின் வழியில் வந்தவர். பெரெஸின் நெருக்கத்தை எடுத்துக்கொண்டு அதைப் பத்து மடங்காக்கியிருக்கிறார். இரட்டைப் பக்கம் முழுவதும் கிரீடம், எலும்பு, கொடி, இறக்கை, நட்சத்திரம். ஒரு தேவியின் ஆடையைப் பார்த்து முடிக்கவே பத்து நிமிடம் ஆகும். கோபுரத்தின் கீழ் நின்று அண்ணாந்து பார்க்கும்போது எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கண் அலையுமே, அந்த அலைச்சல். இதற்காக 2022இல் அவருக்குச் சிறந்த பென்சில், மை ஓவியருக்கான, அமெரிக்க காமிக்ஸ் துறையின் ஐஸ்னர் விருது கிடைத்தது. மனிதர்கள் தேவியரைப் பார்த்தால் திகைத்துப்போக வேண்டும் என்பது இந்த ஓவியத்தின் நம்பிக்கை. சியாங் ஒரு பார்வையில் பிடிபடும்படி வரைகிறார், ஹிமெனெஸ் எத்தனை பார்வையிலும் பிடிபடாதபடி வரைகிறார். இரண்டாம் பாகத்தை ஜீன் ஹாவும் மூன்றாம் பாகத்தை நிக்கோலா ஸ்காட்டும் வரைந்தார்கள். இருவரும் தேர்ந்தவர்கள்தான். ஆனால் முதல் பாகத்தின் மயக்கத்திலிருந்து வெளியே வரும் வாசகரிடம் அவர்களுக்கு உரிய மதிப்பு கிடைப்பதில்லை.

குறையும் உண்டு. ஒரே பக்கத்தில் இத்தனை பெயர், இத்தனை முகம். கிரேக்கப் புராணம் கொஞ்சமும் தெரியாமல் நுழைந்தால் யார் எவர் என்று குழம்பும். முப்பது அமேசான்களில் பலரை உடையை வைத்துத்தான் அடையாளம் காண முடிகிறது. வயதுவந்தோருக்கான வெளியீடு, பள்ளிப் பிள்ளைக்கு வாங்கித் தருகிற புத்தகம் அல்ல. போனில் படிக்க நினைத்தால் வாங்கவே வேண்டாம். ஹிமெனெஸின் பக்கத்தை உள்ளங்கை அளவில் பார்ப்பது, ஜமுக்காளத்தைச் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல. சியாங்கின் தடித்த கோடுகளோ சின்னத் திரையிலும் நின்று பேசும்.

வாங்கும் கணக்கு இப்படி. ‘ஹிஸ்டோரியா’வின் மூன்று பாகமும் சேர்ந்து ஒரே கெட்டி அட்டைப் புத்தகமாகக் கிடைக்கிறது, ஒரு முறை வாங்கினால் கதை முழுவதும் கையில். அஸரெல்லோ கதை ஆறு தொகுதி. முதல் தொகுதி மட்டும் வாங்கினால் ஹீரா பாதி வழியில், அரிவாளோடு நிற்பாள், அவள் மாறுவதைப் பார்க்க முடியாது. பெரெஸின் முதல் தொகுதியில் பதினான்கு இதழ்கள் இருக்கின்றன. அமேசான்களின் தொடக்கத்திலிருந்து கல்லாய் நிற்கும் ஹெராக்ளிஸ்வரை அதிலேயே வந்துவிடும், காசுக்கு அதிகம் படிக்கக் கிடைப்பது இதில்தான். வாங்கும்போது எந்த வரிசை என்பதை அட்டையில் பெயர் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். வொண்டர் வுமன் தொடர் பல முறை ஒன்றாம் எண்ணிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறது. ‘முதல் தொகுதி’ என்று நம்பி இணையத்தில் வாங்கி, முற்றிலும் வேறொரு முதல் தொகுதி வீட்டுக்கு வந்த கதை எனக்கு உண்டு.

கிரெக் ரக்கா 2003 முதல் எழுதிய தொடரையும் நடுவில் அவள் கேட்டாள். அதீனா ஜீயஸைக் கவிழ்த்து ஒலிம்பஸின் ஆட்சியைப் பிடிப்பதும், பார்த்தவரைக் கல்லாக்கும் மெடூசாவோடு மோத டயானா பாம்பின் விஷத்தால் தன் கண்களையே குருடாக்கிக்கொள்வதும் அதில் வரும். கதையாக எனக்கு மிகவும் பிடித்தது. ஓவியம் படிக்கிறவள் ஒரே ஒரு புத்தகம் வாங்குகிறாள் என்றால் அதைச் சொல்ல மாட்டேன்.

ஆக, என் முடிவு: கதைக்காக வாங்கினால் பெரெஸ். ஹீரா என்ற ஒரு பாத்திரத்துக்காக வாங்கினால், ஆறு தொகுதிக்கும் காசு இருந்தால், அஸரெல்லோ. தேவியரைத் தேவியராகப் பார்க்க, ஒன்றே ஒன்று வாங்க, ‘ஹிஸ்டோரியா’. இதை அவளிடம் ஒரு தாளில் எழுதியே கொடுத்தேன்.

போன வாரம் புத்தகம் வந்துவிட்டது என்று படம் எடுத்து அனுப்பியிருந்தாள். சியாங்கின் முதல் தொகுதி. ஏன் என்று கேட்டேன். ஹிமெனெஸைப் பார்த்தால் பென்சிலைக் கீழே வைத்துவிடலாம் என்று தோன்றுகிறதாம், சியாங்கைப் பார்த்தால் தானும் ஒன்று போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறதாம். மீதி ஐந்து தொகுதிகளை யார் வாங்கித் தருவது என்று நான் கேட்கவில்லை. அவளும் இன்னும் கேட்கவில்லை.